பெரிய பெட்டியில் போன டிவி

கடைக்குள் வருகிறவரிடம் முதலில் எவ்வளவு விலைக்குள் பார்க்கிறீர்கள் என்று கேட்க வேண்டும், அடுத்து ரூம் எவ்வளவு பெரிது என்று கேட்க வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் இந்த இரண்டு கேள்வியோடு நிறுத்திவிட்டார்கள். நானும் புதுக்கோட்டையில் ஒரே கடையின் டிவி பிரிவில் தலை நரைக்கிறவரை இந்த இரண்டையும் கேட்டுவிட்டு ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்துவிட்டேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அது என்ன கேள்வி என்பதில் எனக்கே இன்னும் தெளிவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். உங்களில் யாருக்காவது புரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, கந்தர்வக்கோட்டைப் பக்கத்திலிருந்து அடைக்கலம் என்று ஒருவர் வந்தார். முந்திரித் தோப்பு வைத்திருப்பவர். அவருடைய ஒரே தங்கை விஜயாவைப் புதுக்கோட்டையில் கட்டிக்கொடுத்திருந்தது. தங்கை வீட்டுக்காரர் நகரத்தை ஒட்டிப் புதுவீடு கட்டி முடித்து, புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்துவிட்டார். அப்பா இல்லாததால் தாய்வீட்டுச் சீர் முழுக்க அடைக்கலத்தின் பொறுப்பு. பீரோ, கட்டில், அண்டா எல்லாம் வேறு கடைகளில் எடுத்துவிட்டு, டிவிக்கு நம் கடைக்கு வந்திருந்தார். மாடியில் படம் பார்ப்பதற்கென்றே மாப்பிள்ளை தனியாக ஒரு ரூம் போட்டிருக்கிறார், அதற்குத் தகுந்த மாதிரி பெரிதாக வேண்டும், ஆனால் கை மீறிப் போகாமல் இருக்க வேண்டும் என்றார்.

நான் அவர் சொன்ன தொகைக்குள் வருகிற அறுபத்தைந்து இன்ச் டிவி ஒன்றைப் போட்டுக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. டிவிக்குப் பக்கவாட்டில் போய் நின்று, இதற்குப் பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கேட்டார். அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. குடோனுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். பெட்டியின் இரண்டு முனையையும் தொட முடிகிறதா என்று கையை விரித்துப் பார்த்தார். எட்டவில்லை. அதில் அவருக்கு அப்படி ஒரு திருப்தி. அங்கேயே புக் பண்ணிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை வந்தார். சரவணன் என்று பெயர், அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க். சட்டைப் பையிலிருந்து கட்டம் போட்ட தாளை எடுத்து மேசையில் விரித்தார். ரூம் ஒன்பதடிக்குப் பதினோரடி, சுவருக்குக் கருஞ்சாம்பல் பெயின்ட், ஒரே ஒரு சோபா, உட்காருகிற ஆளின் கண்ணிலிருந்து டிவிக்கு ஏழடி என்று எல்லாம் வரைந்திருந்தது. கட்டிய வீட்டில் அவர் தனக்கென்று கேட்டுக்கொண்டது அந்த ஒரு ரூம்தானாம். மச்சான் புக் பண்ணிய டிவியைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அந்தப் பக்கத்து டியூப்லைட்டை எல்லாம் கொஞ்சம் அணைக்க முடியுமா என்று கேட்டார்.

இந்த இடத்தை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கடை வெளிச்சத்தில் எல்லா டிவியும் அழகுதான். விளக்கை அணைத்தால்தான் வண்டவாளம் தெரியும். அணைத்ததும், அந்த அறுபத்தைந்து இன்ச்சில் ராத்திரிக் காட்சி எல்லாம் சாம்பல் பூசிய மாதிரி வெளுத்துத் தெரிந்தது. பக்கத்தில் ஏறக்குறைய அதே விலைக்கு இருந்த ஐம்பது இன்ச் டிவியில் கருப்பு கருப்பாக இருந்தது. ஒன்றில் அளவுக்குக் காசு கொடுக்கிறோம், இன்னொன்றில் படம் தெரிகிற பேனலின் தரத்துக்குக் காசு கொடுக்கிறோம். ஏழடி தூரத்தில் உட்கார்ந்து இருட்டில் பார்க்கிறவருக்கு இரண்டாவதுதான் சரி. இதில் எனக்கு அன்றைக்கும் குழப்பம் இல்லை, இன்றைக்கும் இல்லை. குழப்பமெல்லாம் இதற்குப் பிறகுதான்.

சரவணன் அந்த ஐம்பது இன்ச்சையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“எனக்கு இதான் வேணும். ஆனா மச்சான்கிட்ட நான் சொல்ல முடியாதுங்க. சீரைக் கொற சொன்ன மாதிரி ஆயிரும். நீங்களாச் சொல்ற மாதிரி சொல்லிப் பாருங்க.”

அவர் போன பிறகு நான் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன். பணம் கொடுக்கிறவர் ஒருவர், பார்க்கப் போகிறவர் இன்னொருவர். இதில் என் வாடிக்கையாளர் யார்? நீங்களே சொல்லுங்கள். முதலாளி ஊரில் இருந்திருந்தால் பணம் கொடுத்தவர்தான் என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். அவர் அந்த வாரம் முழுக்கக் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தார். எனக்கோ இரண்டு பேரையும் சிரித்த முகத்தோடு அனுப்ப வேண்டும் என்று ஆசை. எல்லாருக்கும் நல்லவனாக இருக்கப் பார்ப்பது என் பழைய வியாதி.

அடைக்கலத்துக்குப் போன் போட்டேன். ரூமின் அளவு, தூரம், இருட்டு, கருப்பு என்று பத்து நிமிஷம் விளக்கினேன். அவர் ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில் மாப்பிள்ளை கடைக்கு வந்தாரா என்று மட்டும் கேட்டார். வரவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை, மென்று முழுங்கினேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

“மாப்பிள்ளைக்குப் புடிக்காதத நான் ஏண்ணே குடுக்கப் போறேன். அம்பதே குடுங்க. ஆனா பிள்ளையார் கோயில்லருந்து மேளத்தோட சீரு தூக்கிட்டு வாரோம். அவுக பங்காளி வீட்டுச் சனம் பூராம் ரோட்டுல நின்டு பாக்கும். சின்னப் பொட்டிய ஒரு ஆளு கக்கத்துல இடுக்கிக்கிட்டு வந்தா, என் தங்கச்சி மூஞ்சிய எங்கிட்டு வச்சுக்குவா?”

என் வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். கடையில் ஓடுகிற டெமோ டிவியின் காலிப் பெட்டி குடோனில் சும்மா கிடந்தது. அறுபத்தைந்து இன்ச் பெட்டி. ஐம்பது இன்ச்சை அதற்குள் வைத்து ஒட்டித் தந்தால் ரோட்டில் பார்க்கிறவர்களுக்குப் பெரிய பெட்டி, மாப்பிள்ளைக்கு நல்ல டிவி. விழா முடிந்த மறுநாள் நானே வந்து யாரும் இல்லாத நேரத்தில் மாட்டிக் கொடுத்துவிட்டுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். இதை நான்தான் சொன்னேன். அவர் நினைக்கக்கூட இல்லை.

“அது தப்பில்லையாண்ணே?” என்றார்.

நான் சிரித்தேன். உள்ளே இருப்பது நல்ல டிவிதானே, இதில் என்ன தப்பு, ஊருக்குள் நடக்காததா என்று தைரியம் கொடுத்தேன். படித்தவர், நாலு இடம் பார்த்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் ஒத்துக்கொண்டார். சரவணனிடம் ஐம்பது இன்ச்தான் வருகிறது, கவலைப்படாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். பெட்டி விஷயத்தைச் சொல்லவில்லை. விஜயாவிடம் ஏதாவது கேட்க வேண்டும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவே இல்லை. சீர் அவளுக்கு வருவது. அதை இப்போது சொல்கிறேன், அப்போது யோசிக்கவில்லை.

பெட்டியை நானே கட்டினேன். நாலு பக்கமும் தெர்மாகோலைத் திணித்து, ஆட்டிப் பார்த்து, மறுபடி திணித்து டேப் ஒட்டினேன். விழாவன்று டெலிவரி வண்டியோடு நானும் போனேன். அழைப்பிதழ் வைத்திருந்தார்கள் என்பது ஒரு காரணம். உண்மையில், பெட்டியை விட்டுப் பிரிய எனக்குப் பயமாக இருந்தது.

பிள்ளையார் கோயில் வாசலில் சீர் வரிசையாக நின்றது. பழத்தட்டு, அண்டா, கட்டில், பீரோ, கடைசியில் நம் பெட்டி. அடைக்கலத்தின் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் பெட்டியை ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கினார்கள். தம் கட்டித் தூக்கியதில் பெட்டி நெஞ்சுக்கு மேலே எகிறிவிட்டது. என்ன இம்புட்டு லேசாக இருக்கிறது என்று ஒருவர் என்னைப் பார்த்தார். இப்போது வருகிற டிவி எல்லாம் அப்படித்தான் என்றேன். அவர் ஆச்சரியப்பட்டுக்கொண்டே நடந்தார். மேளம் முன்னால் போக, வெடி போட, ரோட்டின் இரண்டு பக்கமும் நின்ற சனம் பெட்டியைத்தான் பார்த்தது. அடைக்கலம் புதுவேட்டியும் துண்டுமாகத் தலை நிமிர்ந்து நடந்தார். அந்த ஐந்து நிமிஷம் என் யோசனையை நானே மெச்சிக்கொண்டேன்.

வீட்டு வாசலில் மைக் வைத்திருந்தார்கள். அதில் ஒருவர் சீரை ஒவ்வொன்றாக அறிவித்துக்கொண்டிருந்தார். நம் பெட்டி வந்ததும் குனிந்து பக்கவாட்டில் அச்சடித்திருந்ததை வாசித்து, தாய்வீட்டுச் சீர், அறுபத்தைந்து இன்ச் டிவி என்று தெருவே கேட்கும்படி சொன்னார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. பெட்டி சும்மா போவது வேறு, மைக்கில் ஏறுவது வேறு. சரவணன் வேகமாக என்னிடம் வந்து, ஐம்பது என்று சொல்லிவிட்டு இப்படிச் செய்துவிட்டீர்களே என்றார். உள்ளே ஐம்பதுதான் என்று அவர் காதில் சொன்னேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். அதற்குள் அவருடைய அப்பா வந்துவிட்டார்.

சரவணனின் அப்பா குரல் பெருத்த மனிதர். மைக்கில் கேட்டதில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கூடத்தின் நடுவில் பெட்டியை வைக்கச் சொல்லி, வந்த சனமெல்லாம் பார்க்கட்டும், இங்கேயே பிரிங்க என்றார். நான் வெயிலில் வந்த டிவியை உடனே பிரிக்கக் கூடாது, சூடு தணிய வேண்டும் என்று ஏதேதோ உளறினேன். சரவணனும் ஆமாம் ஆமாம் என்றார். போட வேண்டாம், பிரித்துக் காட்டினால் போதும் என்று பெரியவர் விடவில்லை. யாரோ என் கையில் பிளேடைக் கொடுத்தார்கள். கூடம் நிறைய ஆட்கள். அடுப்படி வாசலில் விஜயா வந்து நின்றாள். பட்டுச்சேலை கட்டி, நெற்றி வேர்த்து, அண்ணன் கொண்டுவந்ததைப் பார்க்க அவ்வளவு ஆசையோடு நின்றாள்.

என்ன செய்யலாம் என்று கணக்குப் போட்டேன். கடையில் தவறிப்போய்ப் பெட்டி மாறிவிட்டது என்று சொல்லலாம். சொன்னால் உடனே போன் பண்ணிச் சரியானதைக் கொண்டுவரச் சொல்வார்கள், சரவணன் ரூமுக்கு ஆசைப்பட்ட டிவி போய்விடும். முதலாளியிடமும் விஷயம் போய்விடும். யோசனை என்னுடையது என்று உண்மையைச் சொல்லலாம். அதற்கு நாக்கு எழவில்லை. பிளேடை டேப்பின் மேல் வைத்துக்கொண்டு, அறுக்கவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் குனிந்தே இருந்தேன். அப்போது அடைக்கலம் முன்னால் வந்தார்.

“மாமா, அத அறுக்க முன்னாடி நானே சொல்லிர்றேன். உள்ள இருக்கது அம்பது இன்ச்சு. மாப்பிள்ளை ரூமுக்கு அதான் சரியா இருக்கும்னு எடுத்தது. பொட்டி மட்டும் பெருசா இருக்கட்டும்னு நான்தான் கடையில கேட்டு வாங்கிக்கிட்டு வந்தேன். இவுக மேல தப்பு ஒண்ணுமில்ல.”

மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். பெரியவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, “அப்ப அந்தப் பீரோவுக்குள்ளயாச்சும் பீரோ இருக்கா?” என்றார். கூடமே சிரித்தது. அவர் வேண்டுமென்று நோகடிக்கவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னார். அடைக்கலமும் சேர்ந்து சிரித்தார், துண்டால் முகத்தைத் துடைத்தார். விஜயா சிரிக்கவில்லை. அவள் முகம் அப்படியே செத்துப்போனது. திரும்பி உள்ளே போய்விட்டாள். நான் டேப்பை அறுத்தேன்.

எல்லாரும் பந்திக்குப் போன பிறகு நானும் சரவணனும் டிவியை மாடிக்கு எடுத்துப்போய் மாட்டினோம். விளக்கை அணைத்துப் போட்டுப் பார்த்தோம். கருப்பு கருப்பாக இருந்தது. சரவணன் கீழே போனார். நான் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு இறங்கும்போது மாடிப்படித் திருப்பத்தில் விஜயா நின்றிருந்தாள். அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள்.

“எங்க அண்ணனுக்கு இப்புடியெல்லாம் தோணாதுங்க. சின்னதுலருந்து எனக்குத் தெரியும். யாரு சொல்லிக் குடுத்தா?”

நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். தெரியலையேம்மா என்றேன். அவள் வழிவிட்டாள். நான் சாப்பிடாமல் வண்டி ஏறிவிட்டேன். முதலாளி திரும்பி வந்ததும் டெலிவரி நல்லபடியாக முடிந்தது என்று சொன்னேன். கொஞ்ச நாளில் எனக்கு மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள்.

எட்டு மாதம் போயிருக்கும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடையில் சரவணனைப் பார்த்தேன். டிவி எப்படி இருக்கிறது என்று கேட்டேன், நம் வாய் சும்மா இருக்காதே. நன்றாக இருக்கிறது என்றார். பிறகு அவராகவே சொன்னார். அடைக்கலத்துக்கு இரண்டு ஊரிலும் ‘அறுபத்தஞ்சு’ என்று பெயர் வைத்துவிட்டார்களாம். விஜயா அண்ணனோடு பேசுவதில்லையாம். இல்லாததை இருக்கிற மாதிரி காட்டி அத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரிக்கும்படி செய்துவிட்டாரே என்று ஆறவில்லையாம். பொங்கல் சீர் கொண்டுவந்தவரை உட்காரச் சொல்லவில்லை, வாங்கி வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாளாம். அந்த மாடி ரூமுக்குள் இதுவரை காலெடுத்து வைக்கவில்லையாம்.

“படம் அம்சமாத் தெரியுது சார். ஆனா தனியா உக்காந்து எம்புட்டு நேரந்தான் பாக்குறது?” என்றார்.

ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. யாருக்கும் கெடுதல் செய்யவில்லையே, கேட்டவருக்குக் கேட்டதைத்தானே கொடுத்தேன் என்று எனக்கு நானே வாதாடினேன். பெரிய பெட்டி கேட்டவருக்குப் பெட்டி, நல்ல படம் கேட்டவருக்குப் படம். அப்புறம் எங்கே தவறியது? அறுபத்தைந்தையே கொடுத்திருக்க வேண்டுமா? ஐம்பதை ஐம்பதாகவே தூக்கிவரச் சொல்லியிருக்க வேண்டுமா? விஜயாவிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? எந்தப் பக்கம் போனாலும் முட்டியது. ஒன்று மட்டும் முட்டவில்லை. மாடிப்படியில் அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். விஜயாதான் கதவைத் திறந்தாள். டிவியைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்து மாடிக்குக் கையைக் காட்டினாள். நான் செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று சொல்லி முடித்தேன். பெட்டி யோசனை என்னுடையது, உங்கள் அண்ணன் தப்பில்லையா என்று கேட்டார், நான்தான் சிரித்தேன் என்றேன்.

அவள் உள்ளே போய்ப் போனை எடுத்துவந்து, என் எதிரிலேயே அண்ணனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். மணி ஒருமுறைகூட முழுதாக அடிக்கவில்லை. “சொல்லு தாயி” என்று அடைக்கலம் எடுத்துவிட்டார்.

“கடைக்காரவுக வந்திருக்காக. பொட்டி யோசன அவுக சொன்னதாம்ல. ஏண்ணே என்கிட்டகூட சொல்லல?”

தோப்பில் யாரோ பேசுகிற சத்தத்துக்கு நடுவே அடைக்கலம் சொன்னார்.

“அவுக ஒரு கடையில வேலைக்கு நிக்கிறவுக, தாயி. அத்தன சனத்துக்கு முன்னால நான் சொல்லி, அவுக பொழப்புப் போயிருச்சுன்னா? நாம அண்ணன் தங்கச்சிதானே, ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்னு நெனச்சேன்.”

விஜயா போனைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு அழுதபடி உள்ளே போனாள். நான் வாசலிலேயே நின்றேன். என் பிழைப்பு போயிருக்காது. முதலாளி கூப்பிட்டு இரண்டு வார்த்தை திட்டியிருப்பார், சாயங்காலத்துக்குள் அதையும் மறந்திருப்பார். கையில் பிளேடோடு அந்தக் கூடத்தில் குனிந்திருந்தபோதே அது எனக்குத் தெரியும்.